பெரியப்பாவின் மாப்பிள்ளைக் கார்

வயிற்றெரிச்சல் என்றால் என்னவென்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு கார். அதற்கு முன்னால் எனக்குப் பொறாமையே கிடையாது என்று சொன்னால் என் அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதெல்லாம் ரிப்பன், ரப்பர் வைத்த பென்சில் என்கிற அளவில் காலையில் வந்து சாயந்திரத்துக்குள் மறந்துபோகிற பொறாமை. சோறு தொண்டையில் இறங்காமல் செய்கிற அசல் பொறாமை அந்தக் காரோடுதான் எங்கள் தெருவுக்குள் வந்தது.

கார் பெரியப்பாவுடையது. அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். திருவள்ளூரில் கோயில் குளத்துக்குப் பின்னால் இருந்த தெருவில் அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு நின்றன. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். காக்களூர் ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தை அண்ணன் தம்பி இருவரும் பாகம் பிரித்துக்கொண்டபோது, நைனா தன் பங்கை உழுதார், பெரியப்பா தன் பங்கை விற்றார். விற்ற பணத்தில் கடைத்தெருவில் மைக் செட், சீரியல் விளக்கு வாடகைக்கு விடும் கடையைப் போட்டார். கல்யாண வீட்டுக்காரர்கள் மைக் செட் கேட்டு வரும்போதெல்லாம் மாப்பிள்ளை அழைப்புக்கு ஓப்பன் கார் எங்கே கிடைக்கும் என்று சேர்த்தே விசாரித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் டாப்பில்லாத காரில் வராத மாப்பிள்ளையை மாப்பிள்ளை என்றே யாரும் மதிப்பதில்லை. பெரியப்பா ஒரு நாள் கார் வாங்கி வருகிறேன் என்று மெட்ராசுக்கு பஸ் ஏறினார்.

காரை ஓட்டிக்கொண்டு வருவார் என்று தெருவே காத்திருந்தது. அவர் லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஆனால் கயிற்றை அவிழ்த்து, காரை வாசலில் நிறுத்தி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் துடைத்ததும் அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ ஒரு ஜமீன் வீட்டில் ஓடிய வெளிநாட்டு வண்டி. மூக்கு அவர்கள் வாசலில் இருந்தால் வால் எங்கள் வாசலில் இருந்தது, அத்தனை நீளம். கான்வாஸ் டாப்பை மடக்கிப் பின்னால் போட்டால் உள்ளே ஒரு குடும்பமே வட்டமாக உட்கார்ந்து சாப்பிடலாம். டாப்பை எலி கடித்திருந்தது, சீட்டின் தோல் வெடித்துப் பஞ்சு தெரிந்தது, கால் வைக்கும் இடத்தில் தகடு துருப்பிடித்து ஓட்டை வழியாகத் தெருவைப் பார்க்க முடிந்தது. அதெல்லாம் என் கண்ணில் படவே இல்லை. நான் பார்த்தது பம்பரில் தெரிந்த என் முகத்தைத்தான். தொட்டுப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன்.

"கைய எட்றீ. ரேகை வுழும்," என்றான் பெரியப்பா பையன்.

அவன் என்னைவிட ஒரு வயசு மூத்தவன். முறைப்படி அவனை நான் அண்ணன் என்று கூப்பிட வேண்டும். அன்றிலிருந்து கூப்பிடவில்லை.

"நெலத்த வித்தவரு கார்ல போறாரு. நெலத்த வெச்சிகினு கீறவரு சைக்கிள்ல போறாரு. நல்லா கீது நாயம்," என்று அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி சொன்னாள். நைனா சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நைனா எதற்கும் பதில் சொல்கிறவர் இல்லை. அதிலும் எனக்கு எரிச்சல்தான்.

பெரியப்பா அந்தக் காரை ஓட்டிய நாட்களைவிடப் பிரித்துப்போட்ட நாட்கள்தான் அதிகம். எது உடைந்தாலும் மெட்ராஸ் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் போய்த் துழாவிக்கொண்டு வருவார். அதே சாமான் கிடைக்காது. கிடைத்ததைக் கொண்டுவந்து அராவி, தட்டிப் பொருத்துவார். கடைசியில் ஒரு முன்விளக்கு லாரியினுடையது, கதவுக் கைப்பிடி பஸ்ஸினுடையது, ஹாரன் எதனுடையது என்று யாருக்கும் தெரியாது. வந்தபோது கார் பால் நிறத்தில் இருந்தது. வெள்ளை ஆகாது என்று ஒரு மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்ததும் குங்குமச் சிவப்பு அடித்தார். மாப்பிள்ளை மொட்டை மாடியிலிருந்து பார்ப்பவர்களுக்கும் தெரியவேண்டும் என்று பின் சீட்டுக்கு அடியில் பலகை வைத்து உயர்த்தினார். மட்கார்டு ஓரமெல்லாம் சீரியல் பல்பு ஓடவிட்டார். ஒவ்வொன்றும் முடிந்ததும் தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவார். நாங்களும் போய்ப் பார்ப்போம். பார்த்துவிட்டு வந்து அன்றைக்கு அம்மா குழம்பில் உப்பு அதிகமாகப் போட்டுவிடுவாள்.

வெடித்த சீட்டுக்கு என்ன செய்வது என்றுதான் ரொம்ப நாள் யோசித்தார். ரெக்சின் போட்டால் மாப்பிள்ளைக்கு வேர்க்கும். பட்டு போட்டால் போட்டோவில் ஜொலிக்கும். பட்டுக்கு எங்கே போவது? பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியில் அவளுடைய கூறைப் புடவை இருந்தது. அரக்கு நிறம், கெட்டி ஜரிகை, உடம்பு முழுக்கப் பொட்டுப் பொட்டாகப் புட்டா.

"பொட்டியில கெடந்து பூச்சி அரிக்கறதுக்கு வண்டியில போட்டா நாலு பேரு பாப்பாங்க இல்ல?" என்று பெரியப்பா சொன்னது சுவர் வழியாக எங்களுக்குக் கேட்டது. பெரியம்மா என்ன சொன்னாள் என்று அம்மா சுவரோடு சுவராக ஒட்டி நின்று பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் பெரியம்மாவே புடவையை வெட்டி, தையல் மெஷினில் உட்கார்ந்து சீட்டு உறை தைத்தாள்.

"தாலி ஏறுன பொடவையடி. எவனெவனோ குந்தறதுக்கு வெட்டிக் குடுத்துட்டா பாரு," என்று அம்மா ஆற்றமாட்டாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அதில் ஒரு துக்கமும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் உட்கார்வதற்குக் கோரைப்பாய், அவர்கள் வீட்டில் பட்டு என்றுதான் என் மனசில் பதிந்தது. அதை நினைத்து நினைத்து எனக்கு இரண்டு நாள் காய்ச்சலே வந்தது.

அந்த சீட்டில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் தெருப் பிள்ளைகள் யார் யாரோ தொற்றிக்கொண்டு போவார்கள். பெரியப்பா பையன் எல்லா ஊர்வலத்திலும் போவான். ஓனர் பையன் ஆயிற்றே. நான் கேட்டபோது பெரியப்பா என் கன்னத்தைத் தட்டி, "இது வாடகை வண்டிம்மா. ஊட்டுப் பொம்பளைங்க ஏறிக் குந்திகினா வண்டிக்கு மதிப்பு பூடும்," என்றார். அந்த வீட்டுப் பொம்பளைகள் என்றால் பெரியம்மா ஒருத்திதான். அவளும் அதில் ஏறியதே இல்லை. காரைக் கழுவுவாள், பட்டு உறையைக் கழற்றி நிழலில் உலர்த்துவாள், குங்குமக் கறையைப் பூந்திக்கொட்டை நுரை வைத்து எடுப்பாள். அந்த உறையை வேறு யாரும் தொடக்கூடாது. அவளுக்கும் ஏற முடியவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்தது, பொய் சொல்வானேன்.

அரபு தேசத்துப் பக்கம் ஏதோ சண்டை வந்து பெட்ரோல் விலை ஏறியபோது பெரியப்பா ஒரே அடியாக எஞ்சினையே மாற்றினார். பழைய லாரியிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சின் அது. வண்டி அதற்குப் பிறகு உறும ஆரம்பித்தது. உறுமலைவிட நடுக்கம் அதிகம். உள்ளே உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையின் தலைப்பாகையும் கன்னமும் விடாமல் ஆடும். கல்யாணத்தை நினைத்து மாப்பிள்ளைக்கு இப்போதே நடுக்கம் என்று பெண் வீட்டார் கிண்டல் செய்வார்கள். ஆனாலும் அந்தக் காரைக் கேட்டு வருகிற கூட்டம் குறையவில்லை. பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வரைக்கும் அது போனது.

ஜமீன்தார் வேகமாகப் போவதற்கு வாங்கிய வண்டி. அதை நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் நடைவேகத்தில் ஊர விட்டால் அது என்ன செய்யும்? ரேடியேட்டர் கொதிக்கும், கிளட்ச் தீயும், திடீரென்று நின்றுவிடும். பெரியப்பாவுக்கும் இது தெரியும். ஆனால் பெரியம்மாவுக்கும் தெருவுக்கும் வேறு காரணம் தெரிந்திருந்தது. கண் பட்டுவிட்டது என்றார்கள். யார் கண் என்று வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. எங்கள் வாசலைத் தாண்டும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார்கள்.

கார் ஊர்வலம் முடிந்து வந்ததும் பெரியம்மா அதற்குச் சுற்றிப்போடுவாள். உப்பு, காய்ந்த மிளகாய், கூடவே யார் கண் பட்டது என்று சந்தேகமோ அவர்கள் கால் பட்ட இடத்து மண் ஒரு சிட்டிகை. எல்லாவற்றையும் கைக்குள் வைத்து மூன்று முறை சுற்றி அடுப்பில் போடவேண்டும். மிளகாய் கருகியும் நெடி வரவில்லையென்றால் கண் பட்டது நிஜம். ஒரு நாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, பெரியம்மா எங்கள் வாசலில் குனிந்து, அம்மா கோலம் போட்டுவிட்டுப் போன இடத்தில் எதையோ கிள்ளி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போவதைப் பார்த்தேன். நேராகப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மாவின் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. "என் காலடி மண்ண எடுத்தாளா? எனுதா கொள்ளிக்கண்ணு?" என்றாள். சண்டைக்குப் போவாள் என்று ஆவலாக இருந்தேன். போகவில்லை. கொல்லையிலிருந்து செங்கல்லை எடுத்துவந்து எங்கள் வாசற்படியிலிருந்து தெரு முனைவரைக்கும் வரிசையாகப் பதித்தாள். இனிமேல் இந்த வீட்டில் யாரும் மண்ணில் கால் வைக்கக்கூடாது, செங்கல் மேலேதான் நடக்கவேண்டும், அவளுக்கு ஒரு சிட்டிகை மண்கூடக் கிடைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டாள். செங்கல் எதற்கு என்று கேட்டவர்களிடம் சேறு என்றாள். அது அக்னி நட்சத்திரம். தெருவில் புழுதி பறந்துகொண்டிருந்தது.

அம்மாவுக்குத்தான் அது அவமானம். எனக்கோ அதில் வேறொன்று பிடிபட்டது. கண்ணால் பார்த்தே காரை நிறுத்த முடியும் என்றால் என் கண்ணும் கண்தானே? அன்று சாயந்திரம் கார் ஊர்வலத்துக்குக் கிளம்பும்போது செங்கல் மேல் நின்று இமைக்காமல் அதையே முறைத்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது, விடவில்லை. கார் திரும்பி வந்தபோது முன்னால் இரண்டு மாடுகள் கட்டியிருந்தன. அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

இப்படியிருக்கும்போதுதான் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குக் கல்கத்தா ரோட்டில் இருக்கிற புதுவாயல். கும்மிடிப்பூண்டியில் புதிதாக ஆரம்பித்திருந்த ஏதோ ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை. நல்ல இடம். சீர், நகை என்று அவர்கள் வாய் திறக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். மாப்பிள்ளையின் அத்தை, குரலில் எண்ணெய் விட்டதுபோல மெதுவாகப் பேசுகிற பெரிய மனுஷி, அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "வேற ஒண்ணும் வாணாம்மா. மாப்ள அழைப்புக்கு அந்த செவப்புக் காரு வந்துடணும். எங்க ஊர்ல எல்லாம் சொல்லிட்டோம்."

அவர்கள் போனதும் அம்மா, "மெட்ராஸ்லேர்ந்து வேற காரு இட்டுகினு வாங்க," என்றாள். நைனா அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். "பக்கத்து ஊட்ல காரு நிக்கும்போது மெட்ராஸ்ல போயி காரு தேடினா ஊரு சிரிக்கும்," என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். பெரியப்பா இழுத்தடிப்பார், ஏதாவது குத்திப் பேசுவார், அதை வைத்து நன்றாக ஒரு பாட்டம் அழுது தீர்க்கலாம் என்று அம்மா தயாராக இருந்தாள்.

நைனா போன வேகத்தில் திரும்பி வந்தார். "நம்ம ஊட்டுப் பொண்ணு கல்யாணத்துக்கு நீ வந்து கேக்கணுமாடான்னு திட்றாரு. புதுசா பெயிண்டு அடிக்கறாராம்," என்றார். அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கேட்டதைக் கொடுக்காதவர்கள் மேல் பொறாமைப்படுவது சுலபம். கேட்பதற்கு முன்னால் கொடுத்துவிட்டால் அந்தப் பொறாமையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

காஞ்சிபுரத்திலிருந்து அக்காவுக்குக் கூறைப் புடவை வாங்கி வந்த அன்று, முறைக்காக அம்மா பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். பெரியம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு புடவையைத் தொட்டாள். ஜரிகையின் மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து தடவிக்கொண்டே போனாள். மடிப்பைப் பிரித்தாள், முந்தியைப் பார்த்தாள், மறுபடியும் முதலிலிருந்து தடவினாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "வேல கீது அக்கா, எடுத்து வெச்சிட்றேன்," என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். "நல்லா கீது தங்கச்சி. பத்தரமா வெய்யி," என்று பெரியம்மா எழுந்து போனாள். அவள் தலை மறைந்ததும் அம்மா என்னிடம், "பாத்த இல்ல? எப்பிடிக் கண்ணு வெக்கறா," என்றாள். நான் தலையாட்டினேன்.

எனக்கு அதைவிடப் பெரிய இடி பிறகுதான் விழுந்தது. எங்கள் வீட்டில் இரண்டும் பெண். மணப்பெண்ணுக்கு உடன்பிறந்த பையன் இல்லையென்றால் பங்காளி வீட்டுப் பையன் அந்த இடத்தில் நிற்கவேண்டும். மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, கையைப் பிடித்துக் காரில் ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்து வருகிற மச்சான் அவன்தான். மற்ற ஊர்வலங்களில் ஓனர் பையனாகப் போனவன், என் அக்கா கல்யாணத்தில் என் அக்காவுக்கே தம்பியாகவும் போகப்போகிறான். கார் அவனுடையது. பட்டு சீட்டு அவனுடையது. இப்போது அக்காவும் அவனுடையவள்.

"எங்க அக்காவுக்கு நான்தான கூடப் பொறந்தவ? நான் குந்திகினு வரேன்," என்று தரையில் புரண்டேன்.

"பொட்டப் புள்ள மாப்ள பக்கத்துல குந்திகினு ஊர்கோலம் போனா ஊரு இன்னா சொல்லும்? எழுந்து போடி," என்றாள் அம்மா. அவள் குரலிலும் ஒரு உடைசல் இருந்தது. ஒரு ஆண் பிள்ளை பெற்றுக்கொள்ளாத குறையைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கடன் வாங்கி நிரப்பவேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு. நான் நாஷ்டா வேண்டாம் என்று பட்டினி கிடந்தேன். கல்யாண வீட்டில் யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று பார்க்க ஆளில்லாததால் மத்தியானம் நானே போய்ச் சாப்பிட்டுவிட்டேன்.

குளக்கரை மண்டபத்திலிருந்து ஊர்வலம் கிளம்பியபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. தலையில் பெட்ரோமாக்ஸ் விளக்கு வைத்தவர்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நடந்தார்கள். நாதஸ்வரம், தவில், அதற்குப் பின்னால் கார். புது சிவப்பு பெயிண்ட் எங்கே தொட்டாலும் கையில் ஒட்டிக்கொள்ளும்போல மினுமினுத்தது. பெரியப்பா ஸ்டீரிங்கைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் பட்டு சீட்டில் மாப்பிள்ளை, ஒல்லியாக, கூச்சமாக, வழக்கமான நடுக்கத்தோடு. அவருக்குப் பக்கத்தில் சாட்டின் சட்டை போட்டுக்கொண்டு, தலையில் எண்ணெய் வழிய, பெரியப்பா பையன். சீர்த்தட்டு ஏந்திய பெண்களோடு நான் நடந்து வந்தேன். அவன் என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தினான்.

முறைத்தேன். இத்தனை நாள் சேர்த்துவைத்த வயிற்றெரிச்சல் எல்லாவற்றையும் கண்ணுக்குக் கொண்டுவந்து முறைத்தேன். நின்றுபோ, நின்றுபோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். கடைத்தெரு திருப்பத்தில் கார் ஒரு உலுக்கு உலுக்கியது. ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு நாற்றம் வந்தது. எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது, ஆனால் சக்கரம் நகரவில்லை. பெரியப்பா கியரைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். கிளட்ச் தீய்ந்துபோய்விட்டது என்று அவர் முகமே சொன்னது.

நாதஸ்வரம் பாதியில் நின்றது. "மாப்ள ஏறின வண்டி வழியில நிக்கறது நல்லதுக்கில்ல," என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. நடுத்தெருவில் மாப்பிள்ளை இறங்கி நடந்தால் அது அதைவிடக் கெடுதல் என்றது இன்னொரு குரல். மாப்பிள்ளையின் அத்தை கையைக் கட்டிக்கொண்டாள். எங்கள் தெருப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா தாம்பாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கார் நின்றால் பெரியப்பா பையனுக்கு அவமானம் என்று மட்டுமே கணக்குப் போட்டிருந்தேன். அதில் உட்கார்ந்திருப்பது அக்காவின் மாப்பிள்ளை. இவர்கள் இப்படியே புதுவாயலுக்குத் திரும்பிப் போய்விட்டால்? நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

நைனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மேல்துண்டை இடுப்பில் கட்டினார், வேட்டியை மடித்துக்கட்டினார். "நீ ஸ்டீரிங்க புடிச்சிக்கோண்ணா. நான் தள்றேன்," என்று காரின் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். அந்தக் காரை அவர் அதுவரைக்கும் ஒரு விரலால்கூடத் தொட்டதில்லை. அண்ணன் காருக்குள்ளே, தம்பி காருக்குப் பின்னாலே. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நைனாவைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள்.

மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து, "மச்சான், நீயும் எறங்கித் தள்ளு. ஒடம்பு ஏறும்," என்றார். அவன் சாட்டின் சட்டையோடு இறங்கினான். பிறகு என்னைப் பார்த்தார். "மச்சினிச்சி எதுக்கு அழுவுது? தூக்கி இப்பிடிக் குந்த வையுங்க. இது இன்னா கனம் கனக்கப்போவுது." யாரும் யோசிப்பதற்குள் நைனா என்னைத் தூக்கிக் காருக்குள் போட்டுவிட்டார்.

அப்படித்தான் நான் அந்த சீட்டில் உட்கார்ந்தேன். ஜரிகை தொடையில் குத்தியது. மேலேயிருந்து பார்த்தால் ஊரே தலை தலையாகத் தெரிந்தது. நாதஸ்வரம் மறுபடியும் ஆரம்பித்தது, கார் எஞ்சின் இல்லாமல் நகர்ந்தது. நடுக்கமும் இல்லை. அந்தக் கார் அவ்வளவு சுகமாக ஓடியதை அதற்கு முன்பும் பின்பும் யாரும் பார்த்ததில்லை. பெரியம்மா கதவின் மேல் கை வைத்தபடி பக்கத்திலேயே நடந்து வந்தாள். அவள் பார்வை மாப்பிள்ளை மேல் இல்லை, காரைத் தள்ளுகிறவர்கள் மேல் இல்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பட்டை அழுக்காக்கிவிடுவேன் என்று பார்க்கிறாள் என நினைத்து, வீடு வரைக்கும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டே உட்கார்ந்து வந்தேன்.

வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். அக்கா உள்வாசலில் கதவோரமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை இறங்கப் போகிற நேரத்தில் அவர் அத்தை கையை நீட்டித் தடுத்தாள்.

"இரு. பொல்லாத கண்ணு பட்டுகீது. யாரு கண்ணோ அவங்க காலடி மண்ண எடுத்து சுத்திப் போட்டுட்டு அப்புறம் எறக்குங்க."

பந்தல் சத்தமெல்லாம் அடங்கியது. இந்தத் தெருவில் காருக்குச் சுற்றிப்போடுகிறவள் பெரியம்மா. அவள் யார் மண்ணை எடுப்பாள் என்றும் தெருவுக்குத் தெரியும். பந்தக்கால் நடுவதற்காக அந்தச் செங்கல்லையெல்லாம் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். அம்மா வெறும் மண்ணில் நின்றுகொண்டிருந்தாள். சம்பந்தி வீட்டார் அத்தனை பேருக்கும் முன்னால், மகள் கல்யாணத்துக்குக் கண் வைத்தவள் என்று தன் காலடி மண்ணைக் குனிந்து எடுக்கப்போகிறார்கள் என்று அவள் அசையாமல் நின்றாள். எனக்கு வேறு பயம். கண் வைத்தது நான்தான் என்று எனக்குத் தெரியுமே. காலைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன்.

பெரியம்மா உள்ளே போய் உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அம்மாவைப் பார்க்கவில்லை. தன் வலது காலை நகர்த்தி, குனிந்து, அது இருந்த இடத்திலிருந்து ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளி எடுத்தாள்.

"பெரிம்மா, அது உங்க காலு," என்று நான் காரிலிருந்து கத்தினேன்.

"தெரியும்டி. சொம்மா குந்து," என்றாள்.

மாப்பிள்ளையையும் என்னையும் சேர்த்து மூன்று சுற்று சுற்றினாள். பிறகு உள்வாசலுக்குப் போய் அக்காவையும் சுற்றினாள். கணப்புச் சட்டியில் போட்டதும் மிளகாய் படபடவென்று வெடித்துக் கருகியது. ஒருவருக்கும் தும்மல் வரவில்லை. "பாத்தீங்களா, நெடியே காணம்," என்று மாப்பிள்ளையின் அத்தை திருப்தியோடு தலையாட்டி, மாப்பிள்ளையை இறங்கச் சொன்னாள். நாதஸ்வரம் கெட்டிமேளமாக எழும்பியது. அந்தக் கூச்சலுக்கு நடுவில் அம்மா தாம்பாளத்தை யாரிடமோ கொடுத்துவிட்டு பெரியம்மாவிடம் போனாள். ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். தன் முந்தானையால் பெரியம்மாவின் முகத்தை அழுந்தத் துடைத்துவிட்டாள்.

அவசரத்தில் பெரியம்மாவுக்கு யார் கால் என்று தெரியாமல் குழம்பிப்போய்விட்டது என்பதுதான் அந்த வயசில் எனக்குத் தோன்றிய விளக்கம். தெரியும் என்று அவள் சொன்னதுகூட வீறாப்புக்குத்தான் என்று நினைத்தேன். காரும் பட்டு சீட்டும் பையனும் இருக்கிறவளுக்கு எங்கள் மேல் என்ன பொறாமை வந்துவிடப் போகிறது? பள்ளிக்கூடத்தில், கிணற்றடியில், புதுவாயலுக்கு அக்கா வீட்டுக்குப் போகும்போது என்று போன இடத்திலெல்லாம் இதைத் தமாஷாகச் சொல்லி, பெரியம்மா மாதிரியே குனிந்து மண் எடுத்து நடித்தும் காட்டினேன். என் வயசுப் பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கல்யாணமான பெண்கள் யாரும் சிரிக்கவில்லை.